கீழக்கோடியில் கொஞ்சம் உளுந்து

சார், நீங்க உளுந்தையும் ஆட்டுப் புழுக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கீங்களா?

கோபித்துக்கொள்ளாதீங்க. அந்தப் பிளாஸ்டிக் பையை இப்படிக் கொடுங்க. சீல் வைத்திருக்கிறதா? சரி, பிரிக்க வேண்டாம், வெளியிலிருந்தே பார்ப்போம். மேலே சீட்டு ஒட்டி, ‘ஆட்டுப் புழுக்கை என ஐயம்’ என்று எழுதியிருக்கிறதே, யார் எழுதினது? உங்க ஆபீசா? அந்த மகராசன் ஆட்டை எப்போதாவது பின்னால் இருந்து பார்த்திருக்கிறாரா? புழுக்கை இதைவிட நாலு மடங்கு பெரிசு சார். கொண்டைக்கடலை அளவு இருக்கும். இது சுத்தமான உளுந்து. பாருங்க, ஓரத்தில் வெள்ளையாக ஒரு சின்னக் கீற்று இருக்கிறதா? புழுக்கைக்கு ஏது கீற்று?

எங்கள் வீட்டில் ஆடே கிடையாது. யாரை வேண்டுமானாலும் கேளுங்க. பயிற்சிப் பிளேன் ஒன்று இறங்கும்போது சறுக்கிப் போய் எங்கள் பருத்திக் காட்டுக்குள் மூக்கைக் குத்தியிருக்கிறது. அது எதனால் என்று விசாரிக்கச் சென்னையிலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. வந்து, “உங்க வீட்ல ஆடு வளக்குறீங்களாம்மா?” என்று கேட்டால் எனக்குச் சிரிப்பு வராதா?

காப்பி குடிங்க. கருப்பட்டிக் காப்பி, அடியில் மண்டி இருக்கும், கடைசி மடக்கை விட்டுவிடுங்க. ஏ தான்யஸ்ரீ, மாமா பேனாவை வாயில் வைக்காதே. கொடுத்துரு. இல்லை சார், என் மகள் கொடுத்துவிடுவாள், ரெண்டு கடி கடித்துவிட்டுத்தான் கொடுப்பாள்.

முதலில் இருந்து சொல்கிறேன். எனக்கு மறைத்துப் பேசத் தெரியாது.

அந்த இடத்துக்கு எங்கள் ஊரில் பேர் ஏரோட்டம். சண்டைக் காலத்தில் பிளேன் இறக்க வெள்ளைக்காரன் போட்ட தளம். அவன் ஏரோடிரம் என்று சொல்லிவிட்டுப் போனான், நம்ம ஆட்கள் காதில் ஏரோட்டம் என்று விழுந்தது. கல்யாணமாகி வந்த புதிதில், “இம்புட்டு நீளத்துக்குத் தளம் போட்ட எடத்துல எவன் ஏரு ஓட்டுனான்?” என்று கேட்டு மாமியாரிடம் வசவு வாங்கினேன். வெள்ளைக்காரன் போன பிறகு ஊருக்கே அதுதான் களம். கம்பு, குதிரைவாலி, பாசி, மல்லி, எது விளைந்தாலும் அங்கேதான் காயும். மூன்று வருசத்துக்கு முன்னால் இந்தப் பிளேன் பள்ளிக்கூடம் வந்தது. தார் போட்டார்கள், வெள்ளைக் கோடு போட்டார்கள், சுற்றிக் கம்பி வேலி போட்டார்கள். வாசலில் ‘உள்ளே நுழையாதீர்’ என்று போர்டும் வைத்தார்கள். மூன்று பாசையில் இருந்தது, நான் தமிழில் படித்தேன். போர்டு இருக்கிற பக்கம் நான் ஒருநாளும் நுழைந்தது கிடையாது சார். சத்தியமாகச் சொல்கிறேன். எங்கள் பருத்திக் காட்டுப் பக்கம் வேலியில் ஓர் ஆள் குனிந்து போகிற அளவுக்கு ஓட்டை இருந்தது. அங்கே போர்டு கிடையாது.

என் வீட்டுக்காரர் கொம்பையாவுக்கு அங்கேதான் வேலை. லேசான வேலை இல்லை. காலையில் பிளேன் கிளம்புவதற்கு முன்னால் பைக்கை எடுத்துக்கொண்டு ஓடுபாதையைச் சுற்றி வந்து, நாய் படுத்திருக்கிறதா, மயில் நிற்கிறதா, கல் கில் கிடக்கிறதா என்று பார்த்து, வாக்கிடாக்கியில் “ரன்வே கிளியர்” என்று சொல்ல வேண்டும். அவர் சொன்னால்தான் ஒரு பிளேன் அசையும். வீட்டில் உப்பு எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது, ஆனால் அங்கே அப்படி ஒரு கணக்கு. அவர் மேல் ஒரு தப்பும் கிடையாது, அதை முதலில் எழுதிக்கோங்க. கீழ்க்காற்று அடிக்கிற மாதங்களில் பிளேன் எல்லாம் மேலக்கோடியில்தான் வந்து இறங்கும். கீழக்கோடிக்கு வரும்போது வேகம் எல்லாம் போய், வயிற்றுப்பிள்ளைக்காரி மாதிரி மெதுவாக உருண்டு வந்து, ஒரு சுற்றுச் சுற்றித் திரும்பிப் போகும். அதனால் அந்த மாதங்களில் இவர் கீழக்கோடி வரைக்கும் போய்ப் பார்ப்பதே இல்லை. பாதியிலேயே திரும்பிவிடுவார். பள்ளிக்கூடத்துப் பெட்ரோல்தானே என்று அலட்சியமாக இருக்கிற ஆள் இல்லை அவர்.

அதை மட்டும் ஏன் சார் அவ்வளவு வேகமாக எழுதுறீங்க?

சரி, ஷைனி கதைக்கு வருவோம். பிளேனை ஓட்டின பிள்ளை. நாகர்கோவில் பக்கம் கடற்கரை ஊர், அப்பா வள்ளத்தில் மீனுக்குப் போகிறவர். பதினாலு பேர் படிக்கிற இடத்தில் பொம்பளைப் பிள்ளை இவள் ஒருத்திதான். போன ஐப்பசியில் ஒருநாள் அந்த ஓட்டை வழியாக வந்து, பருத்திச் செடிக்கு நடுவில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாம்புதான் கடித்துவிட்டதோ என்று நான் அரிவாளோடு ஓடினேன். என்னைப் பார்த்து அவள் இன்னும் பயந்துபோனாள். விசயம் வேறொன்றும் இல்லை, மாசாமாசம் வருகிற வலி. அந்த ஆம்பளைக் கூட்டத்தில் யாரிடம் போய்ச் சொல்வாள்? வீட்டுக்குக் கூட்டிவந்து, கருப்பு உளுந்தை வறுத்துத் திரித்து, கருப்பட்டிப் பாகு ஊற்றி, நல்லெண்ணெய் விட்டுக் களி கிண்டிக் கொடுத்தேன். சட்டியையே வழித்துவிட்டாள்.

“யக்கா, நல்ல ருசியா இருக்கு கேட்டியளா” என்றாள்.

“கேட்டேன் கேட்டேன், காது நல்லாத்தான் இருக்கு” என்றேன். அவர்கள் ஊரில் எதைச் சொன்னாலும் கடைசியில் கேட்டியளா என்று ஒன்று போடுவார்களாம். அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றால் எங்கள் வீடுதான். தான்யஸ்ரீயை இரண்டு கையிலும் தூக்கிப் பறக்கவிடுவாள். இவளும் இப்போது ஏணி, கட்டில், அடுப்பு மேடை எதில் ஏறினாலும் கையை விரித்துக்கொண்டு குதிக்கிறாள். அதற்கும் ஒரு விசாரணை வைக்க வேண்டும் சார்.

உளுந்துக்கு வருகிறேன். உளுந்துச் செடியைப் பிடுங்கிக் காயப்போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கிறீங்களா? நெற்றை உடைக்க வேண்டும். கம்பால் அடித்தால் உள்ளங்கை தோல் உரியும். டிராக்டரை ஏற்றினால் பாதி பருப்பு நொறுங்கும். நிறையப் பேர் மெயின் ரோட்டில் பரப்பிவிடுகிறார்கள், போகிற வருகிற பஸ்ஸும் லாரியும் மிதித்துக் கொடுக்கும். ஆனால் பாவம், பைக்கில் வருகிறவர்கள் வழுக்கி விழுகிறார்கள். போன வருசம் ஒரு வாத்தியார் விழுந்து முன்பல் இரண்டு போய்விட்டது. எனக்கு அது ஆகாது. அடுத்தவருக்கு ஆபத்து வருகிற மாதிரி ஒரு வேலையை நான் செய்யவே மாட்டேன்.

அதனால்தான் கீழக்கோடியில் போட்டேன்.

யோசித்துப் பாருங்க. பிளேன் சக்கரம் சின்னது, மெத்தென்று மிதிக்கும், ஒரு பருப்பு நொறுங்காது. பிணையல் கட்டின மாடு களத்தில் சுற்றுமே, அதே மாதிரி அந்த இடத்தில் வந்து வட்டமடித்துத் திரும்பும். திரும்பும்போது மூக்கில் இருக்கிற காற்றாடி அடிக்கிற அடியில் பொட்டும் தூசியும் தானாகப் பறந்துவிடும். மிதிப்பதும் அதுவே, தூற்றுவதும் அதுவே. இப்படி ஒரு மிசினை இவ்வளவு நாள் சும்மா சுற்றவிட்டிருக்கிறோமே என்று எனக்கே வருத்தமாகப் போய்விட்டது. விடிந்ததும் ஓட்டை வழியாகக் கொண்டுபோய்ப் பரப்புவேன், மத்தியானம் அவர்கள் சாப்பிடப் போகிற நேரத்தில் கூட்டி அள்ளிவிடுவேன். நான் பாட்டுக்கு என் வேலை, அவர்கள் பாட்டுக்கு அவர்கள் வேலை. வீட்டுக்காரருக்குத் தெரியாது. தெரிந்தால் சட்டம் பேசுவார்.

பையன்கள், வாத்தியார் யார் கண்ணிலும் படவில்லை. ஷைனி மட்டும் பார்த்துவிட்டாள். முதல் நாள் திரும்பும்போதே, பக்கத்தில் வாத்தியார் குனிந்து என்னமோ எழுதிக்கொண்டிருக்க, கண்ணாடிக்குள் இருந்து இரண்டு கையையும் ஆட்டு ஆட்டென்று ஆட்டினாள். நானும் விளக்குமாற்றைத் தூக்கி ஆட்டினேன். ஞாயிற்றுக்கிழமை வந்தவள், “யக்கா, அங்க போடாதீங்கக்கா. எங்க வாத்தியாரு கேப்டன் கண்டா சத்தம் போடுவாரு” என்றாள்.

“ஏம்ளா, ஒங்க பிளேனுக்குக் கால் வலிக்கா?” என்றேன்.

“அதுக்கில்லக்கா...”

“இன்னும் ரெண்டே நாளு. நீ கண்டுக்கிடாத” என்று சொல்லி, கிண்ணத்தில் களியைப் போட்டுக் கையில் கொடுத்தேன். அதற்குப் பிறகு அவள் என்ன பேசுவாள்?

அந்த இரண்டாவது நாள்தான் நீங்க விசாரிக்கிற செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு ஷைனி முதல் முதலாகத் தனியாக ஓட்டப் போகிறாள். கூட வாத்தியார் கிடையாது. மூன்று சுற்றுச் சுற்றி ஒழுங்காக இறங்கிவிட்டால், கூடப் படிக்கிற பிள்ளைகள் வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றுவார்களாம். அது அவர்கள் வழக்கமாம். “இதென்னளா, வயசுக்கு வந்த பிள்ளைக்கு ஊத்துற மாதிரி?” என்று கேட்டுச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. “அந்தத் தண்ணிக்காகத்தான் யக்கா வீட்ட விட்டு வந்தேன். ஒரு மாப்பிள்ளய பாத்து வச்சிட்டு, முடியலன்னா வந்திருன்னு எங்கப்பா சொல்லித்தான் அனுப்பினாவ” என்றாள். பையன்கள் எல்லாம் மேலக்கோடியில் வாளியோடு நின்றார்கள். நான் தான்யஸ்ரீயை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் பருத்திக் காட்டில் நின்றேன்.

முதல் சுற்று, வந்து தரையைத் தொட்டுவிட்டு எழும்பினாள். இரண்டாவது சுற்றும் அப்படியே. எல்லாம் மேலக்கோடிப் பக்கம், எப்போதும் போல. மூன்றாவது சுற்றுக்கு மேலே போயிருக்கும்போதுதான் காற்று திரும்பியது. மாசி மாதத்தில் மேல்காற்று அடிக்கலாமா சார்? என் தலையில் கட்டியிருந்த துண்டு கழன்று கிழக்கே பறந்தது. கம்பத்தில் சட்டைக்கை மாதிரி ஒரு துணி கட்டியிருக்கிறதே, அது அப்படியே மறுபக்கம் திரும்பிக்கொண்டது. காற்றுக்கு எதிர்முகமாகத்தான் பிளேனை இறக்க வேண்டுமாம். அதனால், மேலக்கோடி வேண்டாம், கீழக்கோடிப் பக்கம் வந்து இறங்கு என்று கேப்டன் மைக்கில் சொல்லிவிட்டார். இதெல்லாம் பிற்பாடு என் வீட்டுக்காரர் சொன்னது. எனக்கு என்ன தெரியும்? எப்போதும் எனக்கு முன்னால் முகத்தைக் காட்டிக்கொண்டு உருண்டு வருகிற பிளேன், அன்றைக்கு என் முதுகுக்குப் பின்னால் இருந்து தலைக்கு மேலே வருகிறது. தான்யஸ்ரீ கையைத் தட்டினாள். நானும் தட்டினேன்.

நல்லாத்தான் இறக்கினாள் சார். என் இரண்டு கண்ணால் பார்த்தேன். பூவை எடுத்துக் கீழே வைத்த மாதிரி, சக்கரம் சரியாக என் உளுந்து மேல் உட்கார்ந்தது. நானே, “ஆகா, இன்னைக்கு நல்லா மிதிபடும்” என்று நினைத்தேன். அப்புறம்தான் என்னமோ ஆகிவிட்டது. பிரேக் பிடித்திருப்பாள் போல. வால் முன்னால் வருகிறது, மூக்கு பின்னால் போகிறது, எண்ணெய்த் தரையில் விட்ட பம்பரம் மாதிரி ஒரு சுற்று. வேலியைப் பிய்த்துக்கொண்டு பருத்திக்குள் வந்து, கரிசல் மண்ணில் மூக்கைக் குத்தி நின்றது. காற்றாடி வாழைப்பழத் தோல் மாதிரி மடங்கிவிட்டது. ஓர் ஆள் போகிற ஓட்டையில் இப்போது கல்யாண வேன் போகும்.

நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். கதவைத் திறந்து இறங்கினாள். நெற்றியில் வீக்கம், கொஞ்சம் ரத்தம், வேறொன்றும் இல்லை, எந்தச் சாமி புண்ணியமோ. இறங்கினதும் என் கையைப் பிடித்துக்கொண்டு முதல் வார்த்தை என்ன சொன்னாள் தெரியுமா?

“யக்கா, அவ்வோ வாரதுக்குள்ள ஒங்க உளுந்தக் கூட்டி அள்ளுங்க. ஒண்ணு விடாம அள்ளுங்க. சீக்கிரம்!”

எப்பேர்ப்பட்ட பிள்ளை பாருங்க! நெற்றியில் ரத்தம் வடிகிறது, அந்த நேரத்திலும் என் உளுந்து வீணாகிவிடக் கூடாது என்று நினைக்கிறாள். பெற்ற மகளுக்குக்கூட அந்த அக்கறை வராது. நானும் அவள் சொல்லைத் தட்டாமல் செடி, கொடி, உளுந்து எல்லாவற்றையும் கூட்டிச் சாக்கில் அள்ளிவிட்டேன். அவசரத்தில் விட்டுப்போன நாலு பிடிதான் இப்போது உங்க பையில் புழுக்கையாக இருக்கிறது.

அதற்குள் பையன்கள் வாளியோடு அவ்வளவு தூரமும் ஓடிவந்துவிட்டார்கள். தீப்பிடித்துவிடும் என்று ஒருத்தன் கத்தினான். உடனே எல்லோரும் எஞ்சினைப் பார்த்து வீசினார்கள். ஒருத்தன் பதற்றத்தில் முழு வாளியையும் கேப்டன் தலையில் ஊற்றிவிட்டான். வயசுக்கு வந்தது கடைசியில் அவர்தான்.

அப்படியே தண்ணீர் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, “என்ன பண்ணின?” என்று அவர் கேட்டார். இவள் தலையைக் குனிந்துகொண்டு, “பிரேக்க நான்தான் தப்பா அமுக்கிட்டேன் சார்” என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். அன்றைக்கே அவளைப் பிளேன் பக்கம் போகக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். உங்க ரிப்போர்ட்டிலும் அவள் தப்பு என்று வந்துவிட்டால் பேரை அடித்து ஊருக்கு அனுப்பிவிடுவார்களாம். “பொம்பளப் பிள்ளைக்குக் குடுத்தா இப்பிடித்தான்” என்று பையன்கள் பேசிக்கொள்கிறார்களாம். எட்டு நாளாக என் வீட்டுப் பக்கம் வரவில்லை. ஓட்டை அவ்வளவு பெரிசாகக் கிடக்கிறது, வரமாட்டேன் என்கிறாள். ஏன் இப்படித் தன் தலையில் தானே போட்டுக்கொண்டாள் என்றுதான் எனக்கு விளங்கவில்லை. நல்லாத்தானே இறக்கினாள்!

அதனால் நீங்க இப்படி எழுதுங்க சார். பிள்ளை மேல் தப்பில்லை. என் வீட்டுக்காரர் மேல் தப்பில்லை. மயில் அன்றைக்கு வரவே இல்லை, முருகன் வாகனத்தை இதில் இழுக்க வேண்டாம். தப்பு முழுக்கக் காற்று மேல்.

ஏன் பேனாவை மூடிட்டீங்க?

என்னமோ படம் போடுறீங்க. காட்டுங்க. இது சக்கரம். இது தரை. நடுவில் என்ன, சின்னச் சின்ன வட்டம்? ஓ, இது எனக்குத் தெரியுமே! ஏழாம் வகுப்பு அறிவியல். பந்து தாங்கிகள். இரண்டு பரப்புக்கு நடுவில் உருண்டையான பொருள் இருந்தால் உராய்வு குறையும், பொருள் எளிதில் வழுக்கிச் செல்லும். இதில் நான் முழு மார்க்கு. எங்கள் ஞானம்மா டீச்சர் மேசை மேல் ஒரு பிடி பயறைக் கொட்டி, அதன் மேல் சிலேட்டை வைத்து, ஒரு விரலால் தட்டினார்கள். சிலேட்டு சர்ரென்று போய்ச் சுவரில் இடித்து...

பயறைக் கொட்டி...

சார்.

இருங்க. ஒரு நிமிசம் இருங்க. தான்யா, சும்மா இரு.

அப்போ அவள் அள்ளச் சொன்னது உளுந்து வீணாகிவிடும் என்று இல்லையா? அவ்வோ வாரதுக்குள்ள என்றாளே. அவர்கள் கண்ணில் பட்டால் என் பேரும் என் வீட்டுக்காரர் வேலையும் போய்விடும் என்றுதான்... அடி பாவி மகளே. அதுக்குத்தான் பிரேக் பிரேக் என்று சாதித்தாளா? எட்டு நாளாக நான், இவளுக்கு ஏன் இந்தப் பிடிவாதம் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறேன். நேற்று டீக்கடையில்கூடச் சொன்னேன். அந்தத் தண்ணிக்காகத்தான் வீட்டை விட்டு வந்தேன் என்றவள், ஒரு சட்டிக் களிக்காக அதை விட்டுக்கொடுத்துவிட்டுப் பேசாமல் இருக்கிறாள்.

இல்லை சார், நான் அழவில்லை. அடுப்புப் புகை.

எழுதுங்க. பேனாவைத் திறங்க. நான் சொல்லச் சொல்ல எழுதுங்க. மாரிக்கனி, வயது இருபத்தாறு, கணவர் பெயர் கொம்பையா. ஓடுபாதையில் உளுந்து போட்டது நான். போடாதே என்று அந்தப் பிள்ளை சொல்லியும் போட்டது நான். கூட்டி அள்ளினதும் நான். அவள் இறக்கினதில் ஒரு குறையும் இல்லை, அதைப் பெரிய எழுத்தில் எழுதுங்க. காற்றையும் ஒரு ஓரமாகச் சேர்த்துக்கோங்க, அதையும் முழுக்க விடக் கூடாது. என் வீட்டுக்காரர் பாதியில் திரும்பினதை மட்டும் அடித்துவிட முடியுமா? முடியாதா? சரி, கிடக்கட்டும். பெட்ரோலை மிச்சம் பிடித்தவர் வசவைக் கொஞ்சம் செலவு பண்ணட்டும். வேலை போனால் உளுந்து அடிக்க வீட்டில் ஓர் ஆள் ஆச்சு.

போன் அடிக்கிறது. அவர்தான். நூறு வயசு. இருங்க, ஸ்பீக்கரில் போடுகிறேன், உங்களுக்கும் கேட்கட்டும்.

“ஏளா, ஷைனி பெட்டியத் தூக்கிட்டு மெயின் ரோட்டுக்குப் போயிட்டா. அவ அப்பா வந்திருக்காரு, கூட்டிட்டுப் போகப் போறாராம். திருநெல்வேலி பஸ்ஸு இப்ப வந்திரும். ஒங்கிட்டச் சொல்ல வேண்டாம்னு சொல்லிட்டுப் போறா. வீட்டுக்கு ஆபீசர் வந்தாரா? நீ வாயத் தொறக்கலல்லா?”

தொறந்துட்டேன், போனை வைங்க.

எழுந்திரிங்க சார். காப்பியை விடுங்க, கையெழுத்தை ஜீப்பில் போகும்போதே போட்டுவிடுகிறேன். அந்தப் பையையும் எடுத்துக்கோங்க, கண்ணால் பார்த்தால்தான் அந்த மனுசர் நம்புவார். கடலுக்குப் போகிறவர், கொஞ்சம் முரடு என்று ஷைனி சொல்லியிருக்கிறாள். தான்யா, வா, ஆபீசர் மாமா ஜீப்பில் போவோம். குதிக்காதே, நடந்து வா.

பஸ்ஸை நான் மறித்து நிறுத்தி டிரைவரிடம் பேசிக்கொள்கிறேன். அவள் அப்பாவிடம் மட்டும் நீங்க பேசுங்க சார்.